சம்பளம் தராத கிளப்பை விட்டு வீரர் விலகலாமா?

கேள்வி: என் தம்பி வெளிமாநிலத்தில் ஒரு தொழில்முறைக் கால்பந்து கிளப்பில் ஆடுகிறான். மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. ஸ்பான்சர் பணம் வந்ததும் தருவதாக உரிமையாளர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். வேறொரு கிளப் அழைக்கிறது. பயிற்சியை நிறுத்திவிட்டு அங்கே போய்விடலாமா?

பதில்: உங்கள் தம்பிக்கு விலகும் உரிமை கிடைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் எழுத்தில் எதுவும் கேட்காமல் இன்றே கிளம்பினால், தவறு கிளப்பின் பக்கமிருந்து அவர் பக்கம் மாறிவிடும். நியாயமான காரணமின்றி ஒப்பந்தத்தை முறிக்கும் வீரருக்கு இழப்பீட்டுப் பொறுப்போடு, ஒப்பந்தத்தின் தொடக்க ஆண்டுகளாக இருந்தால், நான்கு மாத ஆட்டத்தடையும் விதிக்க ஃபிஃபா விதிகள் இடம் தருகின்றன.

ஃபிஃபாவின் வீரர் தகுநிலை, இடமாற்ற விதிகளில் 2018இல் நடைமுறைக்கு வந்த 14பிஸ் (14bis) என்ற பிரிவு இத்தகைய நிலைக்காகவே எழுதப்பட்டது. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் உரிய தேதியில் தரப்படாமல் இருந்து, வீரர் அதை எழுத்தில் சுட்டிக்காட்டிக் குறைந்தது 15 நாள் கெடு கொடுத்து, அதற்குள்ளும் முழு நிலுவை வராவிட்டால், அவர் நியாயமான காரணத்தோடு விலகியவராகவே கருதப்படுவார். 'முழு' என்பதைக் கவனியுங்கள்: கெடு முடியும் நேரத்தில் ஒரு மாதச் சம்பளத்தை மட்டும் போட்டுவிட்டுக் கணக்கு முடிந்ததாகக் கிளப் சொல்ல முடியாது. உள்நாட்டு ஒப்பந்தம் என்பதால் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் விதிகளையும், ஒப்பந்தத்தில் உள்ள முறிவு ஷரத்தையும் வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே கடிதத்தை அனுப்புங்கள்.

அக்கடிதத்தில் எந்தெந்த மாதம், எவ்வளவு தொகை, ஒப்பந்தப்படி எந்தத் தேதியில் வரவேண்டியது, எந்த வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும், கெடு எந்த நாளில் முடிகிறது என்பவை தெளிவாக இருக்கட்டும். கிளப்பின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கும் பதிவுத் தபாலிலும் அனுப்பி, வங்கிக் கணக்கு அறிக்கையோடு நகலைப் பத்திரப்படுத்துங்கள். மேலாளருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் துணைச் சான்று ஆகலாமே தவிர, இக்கடிதத்துக்கு ஈடாகா. கெடு முடியும்வரை அவர் ஒரு நாளும் பயிற்சிக்குப் போகாமல் இருக்கக் கூடாது.

ஸ்பான்சர் தரவில்லை என்பது உரிமையாளருக்கும் ஸ்பான்சருக்கும் இடையிலான விவகாரம். அந்தச் சுமையை வீரர் தலையில் இறக்குவது அநியாயம் என்பதே என் கருத்து. 2025 ஆகஸ்டில், இந்தியன் சூப்பர் லீக் நடக்குமா என்பதே தெரியாத நிலையில், பெங்களூரு எஃப்சி முதல் அணி வீரர்களின் சம்பளத்தை நிறுத்திவைத்தது. அத்தகைய நெருக்கடியிலும் எழுத்தில் உள்ள ஒப்பந்தமே வீரருக்குப் பிடிமானம்.

பணம் வராவிட்டால், இந்திய வீரருக்கும் இந்தியக் கிளப்புக்கும் இடையிலான புகார் சம்மேளனத்தின் வீரர் தகுநிலைக் குழுவுக்குப் போகும். வெளிநாட்டு வீரராக இருந்தால் ஃபிஃபாவின் தகராறு தீர்வு மன்றத்தை நாடலாம். இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட விவகாரத்தை அம்மன்றம் ஏற்பதில்லை. உள்நாட்டுப் புகாரிலும் காலம் கடத்தாதீர்கள். தீர்ப்புப்படி பணம் தராத கிளப்புக்குப் புதிய வீரர்களைப் பதிவு செய்யத் தடை விதிக்கப்படலாம் என்பதால், அடுத்த சீசனுக்கு அணி சேர்க்க விரும்பும் உரிமையாளர் அதற்குத்தான் அதிகம் அஞ்சுவார்.

இடையில் ஒரு தொகையை நீட்டி, 'பாக்கி ஏதுமில்லை' என்ற தாளில் கையெழுத்துக் கேட்டால், நிலுவை முழுவதும் கணக்கில் ஏறும்வரை மறுத்துவிடட்டும். புதிய கிளப்பின் ஒப்பந்தத்திலும், கெடு முடிந்து விலகல் கடிதம் அனுப்பிய பிறகே அவர் கையெழுத்திட வேண்டும்.