பத்துப் பாட்டும் பதினைந்து விநாடியும்

அன்புள்ள அக்கா,

ஹட்டனில் ஒரு போன் கடையில் வேலை செய்கிறேன். அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷின் 'ஹிட் மீ ஹார்ட் அண்ட் சொஃப்ட்' ஆல்பம் வந்த நாளிலிருந்து எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரே சண்டை. அதில் 'பர்ட்ஸ் ஒஃப் எ ஃபெதர்' பாட்டைத் தவிர மற்றதெல்லாம் தூக்கம் வருது என்கிறான் ஒருத்தன். பழைய பில்லி இல்லை இது என்கிறாள் ஒருத்தி. எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. ஆங்கிலம் முழுசாக விளங்காமல் ஒரு ஆல்பம் நல்லது என்று சொல்லலாமா? இதற்கிடையில் பெரியப்பா, "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எதுக்குடா வெள்ளைக்காரி பாட்டு?" என்கிறார்.

ப., ஹட்டன்

அன்புள்ள ப.,

சண்டை நடக்கட்டும். ஒரு ஆல்பத்தைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். ஆனால் உங்கள் குழுவில் எல்லோரும் கேட்டது ஒரே ஆல்பத்தைத்தானா என்று எனக்குச் சந்தேகம்.

தூக்கம் வருகிறது என்கிற தம்பியிடம், எதில் கேட்டாய் என்று முதலில் விசாரியுங்கள். டிக்டொக்கில் பதினைந்து விநாடி கேட்டிருந்தால் அவர் சொல்வதை அப்படியே ஒதுக்கிவிடலாம். 2024 மே 17 அன்று இந்த ஆல்பம் வெளியானபோது, அதற்கு முன்னால் ஒரு பாட்டைக்கூடத் தனியாக விடவில்லை. பத்துப் பாட்டையும் ஒன்றாகக் கேளுங்கள் என்பதுதான் பில்லியின் எண்ணம். மொத்தமே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அதற்குக் காரணமும் பாட்டுகளுக்குள்ளேயே இருக்கிறது. 'லாமூர் த மா வீ'யை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய காலத்து மெதுவான காதல் பாட்டு மாதிரி ஆரம்பித்து, நல்ல தூரம் அப்படியே போகிறது. அப்புறம் திடீரென்று இயந்திரத் தாளம் வந்து விழ, குரலும் இயந்திரக் குரலாக மாறி, ஆடுகிற பாட்டாகிவிடுகிறது. முதல் நிமிடத்தை மட்டும் கேட்டவரும் கடைசி நிமிடத்தை மட்டும் கேட்டவரும் ஒரே பாட்டைப் பற்றிக் கதைக்க முடியாது. 'த கிரேட்டெஸ்ட்'டிலும் இதே கதைதான். முக்கால்வாசி கிசுகிசுப்பு, பிறகு ஒரு கத்தல். ஹட்டனிலிருந்து நுவரெலியா போகிற பஸ்ஸில், வளைவுக்கு வளைவு கியர் மாற்றி இஞ்சின் உறுமும்போது, ஒரு பக்கம் செத்த இயர்போனில் இதைக் கேட்டால் கிசுகிசுப்பு முழுக்க இஞ்சினோடு போய்விடும், கத்தல் மட்டும்தான் காதுக்கு வரும். எதற்குக் கத்துகிறாள் என்று எப்படி விளங்கும்? டேட்டாவுக்கு ரீலோட் போட்டு ஒவ்வொரு பாட்டாக இறக்குகிறவர்களின் சிரமம் எனக்குத் தெரியும். இருந்தாலும் இரவில் ஒரு தடவை, முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகக் கேட்கச் சொல்லுங்கள்.

'பழைய பில்லி' என்கிற தங்கச்சி சொல்வதில் பாதி சரி. 2019இல் வந்த முதல் ஆல்பம், அண்ணன் ஃபினியஸின் படுக்கையறையில் செய்தது. அப்போது பில்லிக்குப் பதினேழு வயது. அதிலிருந்த 'பேட் கை' மாதிரி கேட்ட உடனே ஒட்டிக்கொள்கிற தாளம் இந்தத் தடவை 'லஞ்ச்'சில் இருக்கிறது, வேறெங்கும் பெரிதாக இல்லை. அந்தக் குறையை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2019இல் அந்தத் தங்கச்சி எந்த வகுப்பில் படித்தார் என்றும் கேளுங்கள். ஓ.எல். பரீட்சை எழுதிய பள்ளிக்கூடக் காலத்துப் பாட்டுக்கு ஈடாக எந்தப் பாட்டும் வராது, அதற்குப் பாடகி பொறுப்பில்லை. அவருக்குப் பழைய ஆள்தான் வேண்டுமென்றால் 'த டைனர்' இருக்கிறது. ஒருவரை விடாமல் பின்தொடர்கிற ஆளின் குரலில் பாடிய பாட்டு, பழைய பயங்காட்டல் எல்லாம் உண்டு. எனக்கு இந்த ஆல்பத்திலேயே பிடிக்காதது அதுதான்!

ஆங்கில விஷயம். 2021இல் யோஹானி பாடிய சிங்களப் பாட்டு 'மெணிகே மகே ஹித்தே'யை இந்தியா முழுக்கப் பாடியவர்களில் எத்தனை பேருக்குச் சிங்களம் தெரியும்? தாராளமாகப் பிடித்திருக்கிறது என்று சொல்லுங்கள். ஒன்றுக்கு மட்டும் வரிகளைத் தேடிப் படியுங்கள்: முதல் பாட்டு 'ஸ்கின்னி'. மெட்டை மட்டும் கேட்டால் காதல் தோல்வி என்று நினைப்பீர்கள். அதில் வருவது, மெலிந்த பிறகு மற்றவர்கள் தன் உடம்பைப் பற்றிப் பேசுகிற பேச்சு. நம் தோட்டத்து லய வீடுகளில் வயசுக்கு வந்த பிள்ளை தண்ணீர்க் குழாயடிக்குப் போய்வந்தால் நாலு பேர் சொல்கிற அதே பேச்சுத்தான். உங்கள் குழுவிலுள்ள பெண்பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை.

பெரியப்பாவோடு வாதாட வேண்டாம். ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யைப் போட்டுவிட்டு அவர் காலைப் பாருங்கள். அதுவும் கிற்றார் வைத்துப் பாடிய பொப் பாட்டுத்தான்.

நீங்கள் இன்னொரு வேலையும் செய்ய வேண்டும். கடைசிப் பாட்டு 'ப்ளூ', இரண்டு தனிப் பாட்டுகளைச் சேர்த்துச் செய்தது. அந்த ஒட்டு எனக்குத் துருத்திக்கொண்டு தெரிகிறது, இரண்டாம் பாதி வேறு ஆல்பத்திலிருந்து வந்து உட்கார்ந்த மாதிரி. உங்கள் குழுவில் யாருக்காவது அப்படித் தோன்றுகிறதா என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா