யன்னலை யார் அளப்பது?

இங்கே கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எழுபதுகளில் கட்டிய வீடு ஒன்றைப் புதிதாக வாங்கிய தம்பி கேட்டிருக்கிறார்: எல்லாம் பழைய அலுமினிய இழுவை யன்னல்கள், குளிர் உள்ளே வருகிறது, நானே அளந்து மலிவாக ஓடர் பண்ணலாமா, வெள்ளை நல்லதா கறுப்பா, அரசாங்கக் காசு கிடைக்குமா என்று. நிறத்தை வீட்டுக்காரியிடம் கேளுங்கள் தம்பி. மற்றதுக்கு வருகிறேன்.

அளக்கலாம். கட்டாயம் அளந்து பாருங்கள். ஆனால் ஓடர் உங்கள் அளவில் போகக்கூடாது. யன்னல் கடையில் அடுக்கி வைத்திருக்கும் சாமான் இல்லை, உங்கள் சுவருக்கென்றே செய்து வருவது. அரை அங்குலம் கூடினால் உள்ளே போகாது, திருப்பியும் எடுக்கமாட்டார்கள். பொருத்தப்போகிற கொம்பனியே ஆள் அனுப்பிக் கடைசி அளவை எடுக்கவேண்டும். அது பிழைத்தால் செலவு அவர்களுடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கவேண்டும். உங்கள் அளவு, மூன்று பேரிடம் விலை கேட்கும்போது மூவரும் ஒரே சாமானுக்குத்தான் விலை சொல்கிறார்களா என்று பிடிக்க.

அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று எடுங்கள். உயரத்தையும் அப்படியே மூன்று இடத்தில். அதில் ஆகச் சிறியதுதான் கணக்கு. பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு தரம் நாடாவைப் பிடியுங்கள். இரண்டும் ஒன்றாக வராவிட்டால் ஓட்டை கோணல். 50 வருஷ வீடு கோணாமல் இருந்தால்தான் அதிசயம். எழுதும்போது அகலம் முதலில், உயரம் பிறகு. இங்கே தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் வாசிப்பார்கள்.

அதற்கு முன்னம், பழைய மரச்சட்டத்தை விட்டுவிட்டு அதற்குள் புதியதைச் செருகுவதா, சட்டத்தையும் கழற்றிச் செங்கல் வரை போவதா என்று முடிவெடுக்கவேண்டும். செருகுவது மலிவு. ஆனால் கண்ணாடி சிறுத்துவிடும், உக்கிய மரமும் உள்ளேயே கிடக்கும். யன்னலின் கீழ்ப்பலகை மூலையில் ஸ்குரூட்ரைவரால் குத்திப் பாருங்கள். வெண்ணெய்க்குள் போவது போல் போனால் யோசிக்காமல் முழுதாகக் கழற்றுங்கள். அப்போது வெளியே செங்கல்லுக்குச் செங்கல் ஓர் அளவு, உள்ளே மரத்துக்கு மரம் இன்னோர் அளவு. வெளியே போய்ப் பாராமலே விலை எழுதுகிறவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இனி ஆட்கள். "இன்றைக்கே கையெழுத்து வைத்தால் பாதி விலை" என்று ஒருவர் உங்கள் சோபாவில் மூன்று மணித்தியாலம் இருப்பார். நாளைக்கும் அதே விலைதான். அவசரத்தில் வைத்துவிட்டீர்கள் என்றால், ஒன்ராறியோவில் வீட்டில் வைத்து எழுதிய ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கைக்கு வந்து 10 நாளைக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். இதை அவர் சொல்லமாட்டார்.

அதைவிடப் பெரிய தலையிடி எங்கள் ஆட்கள்தான், கோவிக்கவேண்டாம். "எங்கட ஆள், காசாகக் கொடுத்தால் 13 வீத வரி இல்லை" என்பார்கள். பில் இல்லாவிட்டால் உத்தரவாதமும் இல்லை. எங்கள் தெருவில் ஒருவருக்கு இப்படி யன்னல் போட்டுவிட்டு, சுற்றிவர இடைவெளியை நிரப்பும் ஃபோம் அடிக்காமல், வெளி விளிம்பை அடைக்கும் பசையான கோக்கிங்கை மட்டும் பூசிவிட்டுப் போனார்கள். தையில் கை வைத்துப் பார்த்தால் சட்டத்தைச் சுற்றிக் காற்று வருகிறது. ஊர்க்காரன் என்ற முறையில் சண்டையும் பிடிக்க ஏலாது.

அரசாங்கக் காசு கேட்டீர்கள். வீட்டில் சக்தியை மிச்சம் பிடிக்க மத்திய அரசு 5,000 டொலர் வரை கொடுத்த திட்டத்துக்குப் புது விண்ணப்பம் எடுப்பதை 2024இலேயே நிறுத்திவிட்டார்கள். அதைக் காட்டி விற்க வருகிறவரைக் கவனியுங்கள். யன்னல் வாங்கும்போது, சக்தியை மிச்சம் பிடிக்கும் சாமானுக்கு ஒட்டும் எனர்ஜி ஸ்டார் ஸ்டிக்கரில் ஈஆர் என்ற சக்தி மதிப்பெண் 34 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும். மூன்று கண்ணாடி, இரண்டு கண்ணாடி என்று மண்டையை உடைக்கவேண்டாம்.

பேஸ்மென்ற்றை மாணவப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால், படுக்கையறை யன்னல் திறந்தால் ஆள் வெளியேறக்கூடியதாக இருக்கவேண்டும்: திறக்கும் பரப்பு 0.35 சதுர மீற்றர், எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. சுவரை வெட்டிப் பெருப்பிக்க நகரசபை அனுமதி வேண்டும். இதெல்லாம் தெரிந்தும் திறக்காத யன்னலுக்குப் பின்னால் பிள்ளைகளைப் படுக்க வைத்து வாடகை வாங்குகிறவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். கோயிலில் முன் வரிசையிலும் நிற்பார்கள்.

நான் வந்த புதிதில் இருந்ததும் அப்படி ஓர் அறைதான். விடிய எழும்பினால் திரைச்சீலை கண்ணாடியோடு உறைந்து ஒட்டியிருக்கும். இழுத்தால் நூல் கண்ணாடியில் நிற்கும். உருகும் தண்ணீருக்கு யன்னலடியில் துவாயைச் சுருட்டி வைப்போம். நான்கு பேர், ஒரு சோற்றுப் பானை, அந்த ஆவி முழுக்கக் கண்ணாடியில்தான். புது யன்னல் போட்டாலும் சமைக்கும்போது விசிறியைப் போடாவிட்டால் கண்ணாடி வியர்க்கும் தம்பி. வீடு இறுக்கமானால் ஈரம் போக வழி குறைவு. பிறகு யன்னலைத் திட்டிப் பலனில்லை.

மாடியில் இருந்த போர்த்துக்கீசக் கிழவிதான் ஒரு நாள் பிளாஸ்டிக் தாளோடு இறங்கி வந்தார். சட்டத்தைச் சுற்றி இருபக்கமும் ஒட்டும் டேப், அதன்மேல் தாள், பிறகு தலைமயிர் காயவைக்கும் மெஷினால் சூடு பிடிக்கத் தாள் சுருக்கமில்லாமல் இறுகிவிடும். இப்போதும் கனேடியன் டயர் கடையில் அந்தத் தாளும் டேப்பும் பெட்டியாக விற்கிறார்கள். இந்தக் குளிருக்கு அதை ஒட்டிவிட்டு, ஆறுதலாக விலை கேளுங்கள்.