மச்சானைத் தாண்டலாமா?

கேள்வி: வடபழஞ்சி பக்கம் ஒரு ஸ்டார்ட்-அப்பில் வேலை பார்க்கிறேன். மொத்தம் முப்பது பேர். நிறுவனர் நடுராத்திரியில் வாட்ஸ்அப் குரூப்பில் திட்டுகிறார். வாரம் ஒரு திட்டம் மாற்றுகிறார். புது கார் வாங்கிவிட்டார். எங்கள் சேவையை இலவசமாகச் சோதித்துப் பார்க்கும் கடைகளையும் 'பணம் கட்டும் வாடிக்கையாளர்' என்று முதலீட்டாளருக்குக் கணக்குக் காட்டுகிறார். ஐந்து மாதமாகப் பிடித்த பி.எஃப். பணத்தைக் கட்டவில்லை. மேனேஜர் அவருக்கு மச்சான். கேட்டால் 'பொறுத்துப் போங்க' என்கிறார். அவரைத் தாண்டி முதலீட்டாளருக்கு எழுதலாமா? கூட வேலை பார்த்த பெண் ஒருவரும் நிறுவனரின் தொல்லை தாங்காமல் போன மாதம் நின்றுவிட்டார்.
(பெயர் வேண்டாம், மதுரை. கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: தாராளமாகத் தாண்டலாம். மச்சானைப் பற்றி மச்சானிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் எதைக் கையில் வைத்துக்கொண்டு தாண்டப் போகிறீர்கள்? நீங்கள் அனுப்பிய முழுக் கடிதத்தில் கார் மூன்று இடத்தில் வருகிறது, பி.எஃப். ஒரே இடத்தில்.

கல்லூரி முடித்த புதிதில் கீழமாசி வீதியில் ஒரு பருப்புக் கடையில் ஆறு மாதம் கணக்கு எழுதினேன். மூத்த கணக்குப்பிள்ளை, விருதுநகரில் இருந்த பங்குதாரருக்கு ஒரு கார்டு போட்டார்: 'முதலாளி போக்கு சரியில்லை, நேரில் வரவும்.' நாலாம் நாள் அதே கார்டு எங்கள் கல்லாப்பெட்டி மேல், எடைக்கல்லுக்கு அடியில் கிடந்தது. ஓரத்தில் 'என்ன இது?' என்று எழுதி முதலாளிக்கே அனுப்பிவிட்டார் பங்குதாரர். யாரும் எதுவும் பேசவில்லை. கணக்குப்பிள்ளைக்கு மட்டும் அன்றைக்குக் காபி வரவில்லை. கார்டில் ஒரு லாரி பில் நம்பர் இருந்திருந்தால் பங்குதாரர் பஸ் ஏறி வந்திருப்பார்.

இன்றைய முதலீட்டாளருக்குத் தபால் செலவுகூடக் கிடையாது, ஒரு ஃபார்வர்ட் போதும். அமெரிக்காவில் ரத்தப் பரிசோதனை செய்துவந்த தெரானோஸ் கம்பெனி ஊழியர் டைலர் ஷுல்ட்ஸுக்கு, இயக்குநர் குழுவில் சொந்தத் தாத்தாவே இருந்தார். ரத்தப் பரிசோதனையில் கோளாறு என்று பேரன் சொன்னபோது தாத்தா நிறுவனர் பக்கம்தான் நின்றார். நிறுவனருக்கு 2022இல் சிறைத் தண்டனை கிடைக்கும்வரை பேரன் பட்டது கொஞ்சமல்ல.

உங்களுக்குச் சட்டப் பாதுகாப்பும் குறைவு. 2013 கம்பெனிச் சட்டத்தின் 177ஆம் பிரிவு, புகார் சொல்ல ஒரு தனி வழி வைக்கச் சொல்வது பங்குச்சந்தையில் உள்ள கம்பெனிகள், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கியவை, வங்கிகளில் 50 கோடிக்கு மேல் கடன் வைத்திருப்பவை ஆகியவற்றுக்குத்தான்.

ஆகவே காரை விடுங்கள். கத்தலும் திட்ட மாற்றமும் பிடிக்கவில்லை என்றால் வேறு வேலை தேடுங்கள். அதெல்லாம் முதலீட்டாளருக்கு எழுதும் சங்கதி இல்லை. வாடிக்கையாளர் கணக்கு அவர் பணத்தைத் தொடும் விஷயம். எந்த மாதம், எத்தனை கடை, அதில் காசு கட்டியது எத்தனை என்று அரைப் பக்கம் எழுதுங்கள், அபிப்பிராயம் வேண்டாம். ஆபீஸ் லேப்டாப்பிலிருந்து அனுப்பாதீர்கள். வாடிக்கையாளர் பட்டியலைப் பென் டிரைவில் அள்ளிக்கொண்டு போகாதீர்கள். வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

பி.எஃப்.புக்கு முதலீட்டாளர் எதற்கு? ஒரு மாதத்துக்குரிய பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறது, பி.எஃப். பாஸ்புக்கில் வரவு இல்லை. இரண்டையும் அச்செடுத்துச் சொக்கிகுளத்து பி.எஃப். அலுவலகத்தில் கொடுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் கடைசி வரியில். காருக்கெல்லாம் பின்னால், போகிற போக்கில் அந்தப் பெண்ணைச் சொல்கிறீர்கள். அந்தத் தொல்லை பாலியல் தொல்லை என்றால், முதலாளி மேலேயே வரும் புகாரை விசாரிக்க 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர்க் குழு உண்டு. கம்பெனிக்குள் இருக்கும் கமிட்டியிடம் போக வேண்டியதில்லை. ஆனால் புகார் அவர் கொடுக்க வேண்டியது, அவருடைய எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் அவருக்காக நீங்கள் எழுதிவிட முடியாது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். வேலையை விட்டு நின்றே ஒரு மாதம் ஆகிறது என்கிறீர்கள். இதை அவருக்கு இன்றைக்கே சொல்லுங்கள்.