ஓடும் கப்பலில் கரியமில வாயுவை அளந்தால் கப்பல் புகையே அளவைக் கெடுத்துவிடாதா?

"கடல் நீரிலும் காற்றிலும் உள்ள கரியமில வாயுவை ஆராய்ச்சிக் கப்பலில் அளக்கிறார்களாம். டீசல் புகை விடும் கப்பலில் எடுத்த கணக்கை எப்படி நம்புவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ வாட்ஸ்அப் குழுவில் வாக்குவாதம் நடந்து, அந்த வேகத்தில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் தாய்மாமா ஒரு கல்யாணப் பந்தியில் இதையே கேட்டார். அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

நான் விஞ்ஞானி இல்லை. அந்தக் கருவியோடு இரவு வாட்ச் பார்த்த புராஜெக்ட் அசிஸ்டென்ட், அவ்வளவுதான். பேராசிரியர்கள் யாராவது படித்தால் திருத்துங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

புகை ஒரு பிரச்சினைதான், ஆனால் சமாளிக்கக்கூடியது. காற்றை இழுக்கும் குழாயின் வாய் கப்பலின் முன்பக்கக் கம்பத்தின் மேலே இருக்கும், புகைபோக்கியோ பின்னால். கப்பல் ஓடும்போது புகை பெரும்பாலும் பின்பக்கமே போய்விடும். பின்காற்று அடித்தாலோ, ஓரிடத்தில் நின்றாலோ முன்னால் வரும். வந்தால் எண் தாறுமாறாகக் குதிக்கும், பார்த்ததுமே தெரிந்துவிடும். காற்றின் திசையும் வேகமும் கூடவே பதிவாவதால் அந்த நேரத்து அளவுகளை ஒதுக்கிவிடுவோம்.

கடல் நீர் கப்பலின் அடிப்பக்கத்திலிருந்து, சுமார் 5 மீட்டர் ஆழத்தில், பம்பு வழியாக வருகிறது. ஒரு மூடிய குடுவைக்குள் ஷவர் போலக் கொட்டும். குடுவையின் மேல்பகுதியில் இருக்கும் காற்றும் அந்த நீரும் வாயுவைப் பரிமாறிக்கொண்டு சமநிலைக்கு வந்துவிடும். அந்தக் காற்றின் ஈரத்தை நீக்கி, அகச்சிவப்புக் கதிரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்தால் கரியமில வாயுவின் அளவு கிடைக்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை, அளவு தெரிந்த வாயு நிரப்பிய சிலிண்டர்களைத் திறந்து கருவியைச் சரிபார்ப்போம்.

நான் பயப்படுவது வெப்பநிலைக்குத்தான். நீரின் சூடு 1 டிகிரி கூடினால் அதிலுள்ள கரியமில வாயுவின் அழுத்தம் சுமார் 4.23 சதவீதம் கூடும். கடல் விஞ்ஞானி டாரோ டக்காஹாஷியின் குழு 1993-ல் வெளியிட்ட கணக்கு இது. 1957-லேயே வீமா என்ற கப்பலில் இந்த வேலையைத் தொடங்கியவர் அவர். கடலிலிருந்து குடுவைக்கு வருவதற்குள் நீரின் சூடு மாறிவிடும் என்பதால் இரண்டு இடத்திலும் வெப்பநிலை எடுத்துத் திருத்தம் போடுகிறார்கள்.

அரபிக்கடலில் எங்கள் நான்காவது இரவு. உள்ளே வரும் இடத்தில் 28.8, குடுவையில் 28.5. குழாயில் வருகிற தண்ணீர் கொஞ்சம் சூடாகத்தானே வேண்டும்? சாரிடம் சொன்னேன். "ஏசி ரூம்தானே தம்பி, குளிர்ந்திருக்கும்" என்றார். அதுவும் நியாயமான பேச்சுதான், ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. வடிகுழாய்க்கு அடியில் என் டீ ஃபிளாஸ்க்கை வைத்து, அது நிரம்பி வழிந்துகொண்டே இருக்க, சரிபார்ப்புக்கான தெர்மாமீட்டரை உள்ளே விட்டு இருபது நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றேன். கப்பல் ஆட்டத்தில் ஒரு கை மேஜையிலேயே இருந்தது. 28.9 காட்டியது. துறைமுகத்தில் சென்சாரை மாற்றியவர்கள், பழைய சென்சாரின் திருத்த எண்களை மென்பொருளில் அப்படியே விட்டிருந்தார்கள்.

0.4 டிகிரிதானே என்று தோன்றும். கரியமில வாயுவின் அழுத்தம் காற்றைவிடக் கடலில் குறைவாக இருந்தால் கடல் அதை உறிஞ்சும், கூடுதலாக இருந்தால் வெளிவிடும். அன்று காற்றில் அந்த அழுத்தம் சுமார் 390 மைக்ரோ அட்மாஸ்பியர் (அழுத்தத்தை அளக்கும் அலகு). கடலில் உண்மையான அளவு 386. குடுவையில் நீர் குளிர்ந்துவிட்டதாக எண்ணித் திருத்தம் அளவைக் கூட்டிவிட்டதால், நாங்கள் பதிவு செய்திருந்தது 393. அதாவது வாயுவை உறிஞ்சிக்கொண்டிருந்த கடல், வெளிவிடுகிறது என்று எழுதியிருப்போம்! இந்த அளவீட்டில் 2 மைக்ரோ அட்மாஸ்பியருக்குள் துல்லியம் வேண்டும் என்பதுதான் உலக அளவில் வைத்திருக்கும் இலக்கு. சார் லாக் புக்கைப் பார்த்துவிட்டு, நான்கு நாள் கணக்கையும் என்னோடு உட்கார்ந்து திருத்தினார்.

இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து "பார், எல்லாம் பொய்க்கணக்கு" என்று போட வேண்டாம். தவறு பிடிபட்டது, திருத்தப்பட்டது, அதுவும் பதிவில் இருக்கிறது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயணம் முடிந்து கரைக்கு வந்தபோது எனக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் ஃபைல் எந்த மேஜையிலோ கிடந்தது. கடலில் இருந்தவன் எப்படிப் போய்க் கையெழுத்து வாங்குவான்? தாம்பரத்தில் வீட்டு ஓனரிடம் அம்மாதான் பேசிச் சமாளித்தார். இந்தியப் பெருங்கடலில் இந்த அளவீடுகள் மற்ற கடல்களைவிடக் குறைவு என்று எல்லாரும் சொல்கிறார்கள். அளக்கிற பையனுக்கு மாதாமாதம் சம்பளம் போடுங்கள், அப்புறம் பேசலாம்.

புகை பாதித்த அளவுகளை எப்படி வடிகட்டுவோம் என்று விவரமாக வேண்டுமென்றால் கேளுங்கள், எழுதுகிறேன்.