தாத்தாவின் தேக்கு மேசை

கேள்வி: தாத்தாவின் தேக்கு மேசை மெருகிழந்துவிட்டது. அனுபவமில்லாத நானே புதுப்பிக்கலாமா?
– வாசகி, மாதுங்கா, மும்பை

பதில்: தாராளமாகச் செய்யலாம், ஆனால் எடுத்தவுடன் உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கிவிடாதீர்கள். மறைவான ஓரிடத்தில் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் (எரிசாராயத்தில்) நனைத்த பஞ்சைச் சற்று நேரம் வைத்துப் பாருங்கள். பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ் (ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துச் செய்வது) என்பதால், முழுவதும் சுரண்டாமல், அழுக்கைத் துடைத்தெடுத்து அதன் மேலேயே புதிய அரக்குப் பாலிஷை மெல்லிய பூச்சுகளாகத் துணியால் ஏற்றிவிடலாம். பல்லாண்டுகளாக வெளிச்சமும் காற்றும் பட்டு விளைந்த அந்த நிறத்தைத் தேய்த்துப் போக்குவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. தேய்த்தே ஆகவேண்டிய இடங்களில் 220 எண் கொண்ட நயமான உப்புத்தாளை மர ரேகையின் போக்கிலேயே ஓட்டுங்கள். மும்பையின் மழை மாதங்களில் இவ்வேலை வேண்டாம். ஈரக்காற்றில் அரக்குப் பூச்சு வெளுத்துப்போகும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றுமாதலால், சன்னல்களைத் திறந்துவைத்து, அடுப்படியிலிருந்து விலகியே செய்யுங்கள்.