ஒரேயொரு எறும்பு கடித்து மயக்கம் வருமா?

கேள்வி: எங்கள் வீடு புதுக்குடியிருப்புப் பக்கம். மாரி தொடங்கியதில் இருந்து குசினி முழுக்க எறும்பு. பாயில் படுத்திருந்த 4 வயது மகளின் காலில் சின்னச் சிவப்பு எறும்புகள் கடித்து, மற்ற நாள் கொப்பளம் போட்டுவிட்டது. போன மாதம் விறகு அடுக்கும்போது மாமாவையும் ஒரு எறும்பு கடித்தது. நீளமான எறும்பு, தலையும் பின்பக்கமும் கறுப்பு, நடுவில் சிவப்பு. கால் மணித்தியாலத்துக்குள் உடம்பெல்லாம் தடித்து, தலை சுற்றி, வாந்தியும் எடுத்தார். சுண்ணாம்பு பூசினோம், பின்னேரம் சுகமாகிவிட்டது. எறும்புக்கு வயலுக்கு அடிக்கிற மருந்தைத் தெளிக்கலாமா?

பதில்: தங்கச்சி, நீங்கள் மகளைப் பற்றி முதலில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு மாமாவை நினைத்துத்தான் கவலை. கடித்த இடம் எவ்வளவு வீங்கினாலும் அது அந்த இடத்தோடு நிற்கிற விஷயம். கடிபடாத இடமெல்லாம் தடித்து, கூடவே தலைசுற்றும் வாந்தியும் வந்தால் அது உடம்பு முழுவதையும் பிடிக்கிற கடும் ஒவ்வாமை. அனபிலக்சிஸ் என்போம். தானாக மாறியது அவருடைய அதிர்ஷ்டம், சுண்ணாம்புக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. அடுத்த முறையும் இப்படி மாறும் என்று நம்பி இருக்க முடியாது.

நீங்கள் சொன்ன அடையாளம் டெட்ராபொனேரா என்ற எறும்போடு ஒத்துப்போகிறது. பட்ட மரத்திலும் உக்கின விறகிலும் இருக்கும், பெரும்பாலும் தனியாகத்தான் திரியும், கொட்டினால் குளவி கொட்டியது மாதிரி இருக்கும். இலங்கையில் இதனால் கடும் ஒவ்வாமை வந்தவர்களைப் பற்றி மருத்துவப் பதிவுகளே இருக்கின்றன. எறும்பு என்றால் அமிலம், அமிலத்துக்குச் சுண்ணாம்பு என்று ஒரு கணக்கு ஊரில் இருக்கிறதல்லவா, அது மாமரத்து முசுறைப் பார்த்து வந்ததாக இருக்கலாம், ஏனென்றால் முசுறு கடித்துவிட்டு அமிலத்தைப் பீச்சும். மாமாவைக் கடித்த எறும்பும் நெருப்பெறும்பும் அப்படியில்லை, பின்பக்கத்துக் கொடுக்கால் தோலுக்குள்ளேயே விஷத்தை ஏற்றிவிடும். நெருப்பெறும்பின் விஷமோ பெரும்பாலும் அமிலமே இல்லை. மேலே பூசுகிற சுண்ணாம்பு தோலைத்தான் பொத்த வைக்கும்.

இனி மாமாவுக்கு அப்படி வந்தால், முக்கியமாக உதடு நாக்கு வீங்கினாலோ குரல் அடைத்தாலோ மூச்சு இழுத்தாலோ, யோசிக்காமல் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அதுவரைக்கும் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள், மூச்சு முட்டினால் மட்டும் இருத்தலாம், எழுப்பி நடக்க வைக்கவே வேண்டாம். அவரைக் காப்பாற்றுவது தொடையில் போடுகிற அட்ரினலின் ஊசி. செற்றிறிசின் என்கிற ஒவ்வாமைக் குளிசை அரிப்பைக் குறைக்கும், ஆனால் அதைக் குடித்துவிட்டு வீட்டில் காத்திருக்கக் கூடாது. நடந்ததைச் சொல்லி இந்தக் கிழமையே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். பிரஷருக்குக் குளிசை எடுக்கிறவர் என்றால் அதையும் கொண்டுபோங்கள், சில பிரஷர் குளிசைகள் இருந்தால் அட்ரினலின் சரியாக வேலை செய்யாது.

சரி, மகள். அது நெருப்பெறும்பாகத்தான் இருக்கும். கொப்பளத்தை உடைக்க வேண்டாம். சவர்க்காரம் போட்டுக் கழுவி, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை வையுங்கள், கலமைன் பூசலாம். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், சொறிந்து புண்ணாக்குவதுதான் பிரச்சினையே. சுற்றிச் சிவந்து சூடாகி வலி கூடினாலோ காய்ச்சல் வந்தாலோ காட்டவேண்டும்.

வயல் மருந்து வேண்டவே வேண்டாம். பிள்ளை தவழ்ந்த நிலம், சாப்பிடுகிற இடம். எறும்புச் சோக்கும் அப்படித்தான், பள்ளிக்கூடச் சோக் மாதிரியே இருக்கும், அதிலும் பூச்சிமருந்துதான், பிள்ளை எடுத்துக் கடித்தால் என்ன செய்வீர்கள்? குசினியில் வரிசையாகப் போகிற எறும்பு ஒரு வாசனைத் தடத்தைப் பிடித்துத்தான் போகிறது, அதனால் வெறுமனே கூட்டித் தள்ளினால் அரை மணித்தியாலத்தில் திரும்ப வரும். சவர்க்காரத் தண்ணீரால் தடத்தைத் துடைத்து, அது நுழைகிற வெடிப்பை அடையுங்கள். சீனி, தேங்காய்ப்பூ, கருவாடு எல்லாம் இறுக்க மூடின போத்தலுக்குள் போகட்டும். இரவில் மகளைப் பாயில் போடாமல் கட்டிலில் படுக்க வையுங்கள், பிஸ்கட் தூள் கிடக்கக் கூடாது.

அலுமாரிக் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தத் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும், நான் வீடுகளுக்குப் போனால் முதலில் குனிந்து பார்ப்பதே அதைத்தான். கிழமைக்கு ஒருக்கா ஊற்றிவிட்டு, கிண்ணத்தின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விடுங்கள்.

மாமாவைக் கடித்ததற்கு இந்த வேலை ஒன்றும் பலிக்காது, அது சீனி தேடி வருகிற எறும்பில்லை. விறகை வீட்டுச் சுவரோடு அடுக்காமல் வளவின் ஒதுக்குப்புறத்துக்கு மாற்றுங்கள், வாசலோரம் பட்ட மரம் நின்றால் தறித்துவிடுங்கள். விறகு எடுக்கிற வேலையை இனி வேறு யாராவது செய்யட்டும், அவர்களும் கட்டையை நிலத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தூக்கட்டும்.