தாத்தாவின் உருளைக்கிழங்கு, அப்பாவின் தேயிலை

அன்புள்ள ஐயா,

ஊட்டியில் அரசுக் கல்லூரியில் முதுகலை வரலாறு படிக்கிறேன். ஊர் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி (படுகர் சிற்றூர்). ஆய்வேட்டுக்கு 'நீலகிரியில் தேயிலை' என்று தலைப்பு கொடுத்துவிட்டேன். கூகுளில் தேடினால் சுற்றுலாக் கட்டுரைகள்தான் வருகின்றன. கல்லூரி நூலகத்தில் பாடப்புத்தகங்களைத் தாண்டி எதுவும் கண்ணில் படவில்லை. சென்னையில் தங்கிப் படிக்க வசதியில்லை. எங்கள் தாத்தா உருளைக்கிழங்கு போட்ட நிலத்தில்தான் அப்பா தேயிலை நட்டார், அதனால் வந்த ஆர்வம் இது. எங்கிருந்து தொடங்குவது?

ஆர்., கோத்தகிரி

அன்புள்ள ஆர்.,

உங்கள் தலைப்பை விட கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரி நல்ல தலைப்பு. 'நீலகிரியில் தேயிலை' என்றால் வெள்ளைக்காரர் தோட்டங்கள், அரசுத் தேயிலைக் கழகமான டான்டீ, கூட்டுறவுத் தொழிற்சாலைகள், பச்சைத் தேயிலை விலைப் போராட்டம் எல்லாம் உள்ளே வந்துவிடும், எதையும் முடிக்க முடியாது. ஒரு ஹட்டியில் கிழங்கு போய்த் தேயிலை வந்தது எப்படி? இதைக் கேளுங்கள், போதும்.

அப்புறம், கூகுள் பெட்டியிலிருந்து தொடங்காதீர்கள். ஏற்கெனவே இதே பக்கம் உழைத்த ஒருவரின் ஆய்வேட்டிலிருந்து தொடங்குங்கள். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் 'சோத்கங்கா' தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரும்பாலும் இயல் இயலாகத் தனித்தனிக் கோப்பாக இருக்கும். முதல் இயலைத் திறக்காமல் நேராகக் கடைசியில் உள்ள துணைநூற்பட்டியலைத் திறங்கள். அவர் பல வருடம் அலைந்து சேர்த்த பட்டியல் அது. அதில் உங்களுக்கு உதவுகிற ஒரு கட்டுரையை எடுத்து, ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடும் கூகுள் ஸ்காலரில் போட்டால், அதைப் பிற்பாடு யாரெல்லாம் மேற்கோள் காட்டினார்கள் என்று காட்டும். இப்படிப் பின்னாலும் முன்னாலும் போனாலே பாதி வேலை முடிந்தது. (ஆய்வேட்டின் தரம் ஆளுக்கு ஆள் மாறும், சில படு மோசம். ஆனால் மோசமான ஏட்டிலும் பட்டியல் நன்றாக இருப்பதுண்டு.)

சரி, கட்டுரையின் பெயர் கிடைக்கிறது, திறந்தால் பணம் கேட்கிறது. 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற மத்திய அரசுத் திட்டம் நடக்கிறது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. உங்களுடையது அரசுக் கல்லூரி. பதிவாகியிருக்கிறதா, வீட்டிலிருந்தே நுழைய வழியுண்டா என்று நூலகரிடம் கேளுங்கள். நம் பிள்ளைகள் நூலகரிடம் கையெழுத்து வாங்க மட்டுமே போகிறார்கள், அது பெரிய நஷ்டம்.

பழைய நூல்களுக்குச் சென்னை போகவேண்டியதில்லை. 1880இல் வந்த கிரிக்கின் நீலகிரி மாவட்டக் கையேடும் 1908இல் பிரான்சிஸ் தொகுத்த கெசட்டியரும் (மாவட்ட விவரத் தொகுப்பு) இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலவச மின்னூலகத்தில் கிடைக்கும். அவற்றில் தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் நீலகிரி 'நீல்கெர்ரி', கோத்தகிரி 'கோட்டகெர்ரி', படுகர் 'பர்கர்' என்றெல்லாம் இருக்கும். ஒரு எழுத்து மாறினாலும் தேடல் கைவிரித்துவிடும். தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது, ஆனால் அங்கே பல நூல்கள் வெறும் படங்கள், உள்ளே இருக்கும் சொல்லைத் தேட முடியாது, தலைப்பை வைத்துத்தான் பிடிக்கவேண்டும்.

உங்கள் கேள்விக்கு முதுகெலும்பு புள்ளிவிவரம்தான். தமிழக அரசின் பருவம் மற்றும் பயிர் அறிக்கை மாவட்டவாரியாக எந்தப் பயிர் எத்தனை ஹெக்டேர் என்று வருடாவருடம் சொல்லும். மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் பழைய தொகுதிகளைக் கேட்டுப்பாருங்கள். கிழங்குப் பரப்பையும் தேயிலைப் பரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் எந்த வருடங்களைக் குடையவேண்டும் என்று தானே தெரியும். பிறகு குன்னூர். தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கமான உபாசியும் கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் கூட்டமைப்பான இன்ட்கோசர்வும் அங்கேதான் இருக்கின்றன. துறைத்தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள், வெறுங்கையோடு போனால் காவலாளியோடு பேசிவிட்டு பஸ் ஏறவேண்டியதுதான். ஊட்டியிலேயே 1859இல் தொடங்கிய நீலகிரி நூலகம் இருக்கிறது, சந்தா நூலகம். மாணவருக்கு என்ன விதிமுறை என்று விசாரியுங்கள்.

சாட்ஜிபிடியிடம் நூற்பட்டியல் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கு இல்லாத பக்க எண் வரை கொடுக்கும். நூல், கட்டுரை விவரங்களைச் சேர்த்துவைக்கும் ஜோடெரோ என்ற இலவச மென்பொருளில் படித்ததை எல்லாம் அன்றன்றே பதிந்து வையுங்கள்.

அப்பா கூட்டுறவுத் தொழிற்சாலை உறுப்பினர் என்றால் இலை கொடுத்த பழைய கணக்குச் சீட்டுகள் வீட்டில் எங்காவது கிடக்கும். யாராவது அடுப்பில் போடுவதற்குள் தேதி தெரியும்படி ஒவ்வொன்றையும் படம் எடுத்துவிடுங்கள்.